எல்லையோரத்தில் சின்னப் பயிற்சிக் கூடம்: தரை, தாள், தடி, தலைக்காயம்

பளுகல்காரன்:
களியக்காவிளைக்கும் கேரளத்துப் பாறசாலைக்கும் இடையில், தமிழ்நாட்டுப் பக்கம், ஒரு கடைக் கட்டடத்தின் முதல் மாடி. 1,100 சதுர அடி, பத்தடி உயரம், கான்கிரீட் கூரை. காலையில் சின்ன ஜிம், சாயங்காலம் கராத்தேயும் சிலம்பமும். பிள்ளைகள் ரெண்டு மாநிலத்திலிருந்தும் வருவாங்க. வாடகை 14,000, முன்பணம் ஒரு லட்சம் கேக்காங்க. கையெழுத்துப் போடுறதுக்கு முன்ன என்னெல்லாம் பாக்கணும்? "காயம் பட்டால் கூடம் பொறுப்பல்ல" என்று பெற்றோரிடம் எழுதி வாங்கினால் போதுமா? பிறவு பாறசாலைப் பக்கம் ஒரு கிளை போடும் யோசனையும் உண்டு. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

ஈரத்தரை:
முதல்ல அண்ணாந்து பாருங்க. பத்தடிக் கூரைக்குக் கீழே சிலம்பம் முழுசா நடக்காது. நெற்றி உயரத் தடியைத் தலைக்கு மேல் சுழற்றினால் நுனி பத்தரை அடி எட்டும், ஆள் உயரமானால் பதினொன்று. நடுவில் சீலிங் ஃபேன் தொங்கினால் பேச்சே இல்லை. ஃபேனைக் கழற்றிச் சுவர் ஃபேன் மாட்டுங்க. உள்ளே சுவடு, காலடி, இடுப்புயர வீச்சு மட்டும் வைத்துக்கொண்டு, மேல் சுற்றுகளை வெளியே மண்ணுக்குக் கொண்டுபோங்க. கட்டடத்துக்குப் பின்னால் இடம் இருந்தால் அதையும் சேர்த்து ஒப்பந்தத்தில் எழுதி வாங்கணும்.

இரண்டாவது, ஆள் கணக்கு. 1,100 அடியில் கழிப்பறை, மேசை, செருப்பு வைக்கும் இடம், ஜிம் சாமான் எல்லாம் போக 650 அடி மிஞ்சினால் பெரிசு. தடி சுற்ற ஒருத்தருக்கு 12 அடிக்கு 12 அடி வேணும், அதாவது 144 சதுர அடி. ஒரே நேரத்தில் நாலு பேர்தான். கராத்தே வரிசைக்கு ஆளுக்கு 6-க்கு 6 விட்டால் 18 பேர் நிற்கலாம். இந்தக் கணக்கைப் போடாமல் 30 பிள்ளைகளைச் சேர்த்தால் முதலில் உடைவது கண்ணாடி, அடுத்தது பல்.

மூன்றாவது, தளத்தின் தாங்குதிறன். ஐஎஸ் 875 என்ற இந்தியக் கட்டடத் தரத்தின் இரண்டாம் பகுதிப்படி வீட்டுத் தளத்துக்கு சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், கடைக்கு 4, ஆள் கூடி ஆடும் கூடத்துக்கு 5 என்று சுமை போடுவார்கள். ஏறக்குறைய 200, 400, 500 கிலோ. கீழே கடை, மேலே வீடு என்று வரைந்து கட்டியிருந்தால் உங்கள் மாடி 200 கிலோக் கணக்கு. உடனே இடிந்து விழும் என்று அர்த்தமில்லை. ஆனால் தரையிலிருந்து தூக்கும் டெட்லிஃப்ட் பாரைக் கீழே போடப் போட பூச்சு விரிசல் விடும், கீழ்க் கடைக்காரர் மறுநாளே வந்து நிற்பார். வரைபடம் போட்ட இன்ஜினீயரைக் கேளுங்க. பளுவைத் தாங்கும் ஸ்குவாட் ரேக்கை அறை நடுவில் வைக்காமல் தூணும் பீமும் சேரும் ஓரத்தில் வைங்க. பளு கீழே இறங்கும் இடத்தில் ஒட்டுப்பலகை, அதன்மேல் ரப்பர் என்று ரெண்டு அடுக்கு போடுங்க.

பளுகல்காரன்:
மேட் எது வாங்கலாம் அண்ணா? கடையில் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியுது.

ஈரத்தரை:
தராசு கொண்டுபோங்க, அதுதான் வழி. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், 25 மில்லிமீட்டர் கனம் உள்ள இவிஏ (ரப்பர் போன்ற நுரை) மேட்டின் கன அளவு 0.025 கன மீட்டர். விற்கிறவர் அடர்த்தி 100 என்று சொன்னால் அந்த மேட் இரண்டரை கிலோ இருக்கணும். ஒன்றே முக்கால் காட்டினால் அது 70 அடர்த்தி; ஆறு மாதத்தில் குதிகால் பட்ட இடமெல்லாம் குழி விழும். கராத்தேக்கு 25 மில்லி சரி. அதைவிட மெத்தென்று இருந்தால் திரும்பும்போது கால் புதைந்து முட்டி மட்டும் திரும்பும். தூக்கிப் போடும் ஆட்டம் உண்டென்றால் 40 மில்லி, அதையும் தனி மூலையில்.

விரிக்கும்போது சுவரோடு ஒட்டி இறுக்க வேண்டாம். மேட் வெயிலில் விரியும்; ஒரு விரலகலம் இடைவெளி இல்லையென்றால் நடுவில் மேடு தட்டும், பிள்ளை தடுக்கி விழும். வாசல் பக்கத்து வரிசையில்தான் மேட்டைக் கோர்க்கும் பல் முதலில் தேயும், அந்த வரிசையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை உள் வரிசையோடு மாற்றிப் போடுங்க.

மாடி என்பதால் உங்களுக்கு அடியிலிருந்து ஈரம் ஏறாது. ஆனால் பாறசாலையில் தரைத்தளம் எடுத்தால் ஒப்பந்தத்துக்கு முன்ன ஒரு சோதனை: ஒன்றரை அடிச் சதுரமாக பாலித்தீன் ஷீட்டை வெட்டி, தரையில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்க. பிரிக்கும்போது உள்பக்கம் முத்து முத்தாக நீர் இருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ அந்த சிமென்ட் ஈரம் இழுக்குது. அதன்மேல் நேராக மேட் போட்டால் ஒரு மழைக்காலத்தில் அடிப்பக்கம் கறுப்புப் பூஞ்சை படரும். நம்ம பக்கம் தென்மேற்கு மழையான இடவப்பாதியும் உண்டு, வடகிழக்கு மழையான துலாமழையும் உண்டு. காய நேரம் கிடைக்காது. வாரம் ஒருமுறை மேட்டைத் தூக்கிச் சுவரில் சாய்த்து, அடியில் ஃபேன் காற்று விடணும்.

வரவுசெலவு:
தாள் விஷயம் நான் சொல்கிறேன். முன்பணத்தில் ஆரம்பிப்போம். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. நகர்ப்பகுதிகளுக்கு உரியது. வேறு விதமாக ஒப்பந்தம் எழுதாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது. உங்களுக்கு அது 42,000. ஒரு லட்சம் கேட்பவரிடம் பேரம் பேச இதுவே பிடி. அதே சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும், வாடகை அதிகாரியிடம் பதிவாகணும். பதினொரு மாதத் தாள் போட்டுப் புதுப்பித்துக்கொண்டே போகும் பழக்கம் வீட்டுக்கு எப்படியோ, கூடத்துக்கு ஆகாது. மேட், கண்ணாடி, கழிப்பறை என்று நீங்கள் இறக்கும் பணம் மூன்று வருஷத்தில்தான் திரும்பும். மூன்று வருஷம் எழுதிப் பதிவு செய்யுங்க. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகை பதிவாகாமல் நிற்காது. "முதல் 24 மாதம் கட்டட உரிமையாளர் காலி செய்யச் சொல்ல முடியாது, வாடகைதாரர் மூன்று மாத முன்னறிவிப்பில் விலகலாம்" என்ற வரி இருக்கணும். கண்ணாடி, ஃபேன், பேக் தொங்கவிடும் இரும்புச் சட்டம் எல்லாம் போகும்போது யாருக்கு என்பதையும் எழுதுங்க. சண்டை எப்போதும் அங்கேதான்.

மின் இணைப்பு அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்க. வீட்டு இணைப்பில் கூடம் ஓடினால் 2003 மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவில் அது அனுமதியற்ற பயன்பாடு. எப்போதிருந்து என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்கு, உரிய கட்டணத்தின் இரு மடங்கு போடுவார்கள். இணைப்பு ஓனர் பேரில், பயன்பாடு உங்களுடையது. கடைசியில் இருவரும் மாறி மாறிக் கைகாட்டுவார்கள்.

ஜிஎஸ்டி: வருஷ வரவு 20 லட்சம் தாண்டாதவரை பதிவு தேவையில்லை. மாதம் 1,66,000 சொச்சம். பாறசாலைப் பிள்ளை வந்தால் வெளிமாநில விற்பனை ஆகுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள், ஆகாது. உடற்பயிற்சிச் சேவை எங்கே நடக்கிறதோ அதுவே சேவை இடம் என்று மாநிலங்களுக்கு இடையிலான ஐஜிஎஸ்டி சட்டம் 12-ஆம் பிரிவு சொல்கிறது. பதிவில்லாத ஆளுக்குத் தரும் பயிற்சிக்கும் அப்படித்தான். ஆனால் பாறசாலையில் கிளை போட்டதும் கணக்கு மாறும். 20 லட்சம் என்பது ஒரே பான் எண்ணில் இந்தியா முழுக்க வரும் மொத்த வரவு. இங்கே 13, அங்கே 9 என்றால் 22. இரண்டு மாநிலத்திலும் பதிவு செய்யணும். உங்களுக்குக் கடை வாடகை வரவு ஏதும் இருந்தால் அதுவும் அதில் சேரும். வரிவிகிதம் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம்முக்கு 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது, உள்ளீட்டு வரி (சாமான் வாங்கும்போது கட்டிய வரி) கழித்துக்கொள்ள முடியாது என்ற நிபந்தனையோடு. தற்காப்புக் கலைப் பயிற்சியை எந்தத் தலைப்பில் காட்டுவது என்பதை ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கி வைங்க, வாய்ப்பேச்சு உதவாது.

கொழிஞ்சை:
கேரளப் பக்கத்துக்கு நான். பஞ்சாயத்து லைசன்ஸ் மட்டும் போதாது. ஜிம்களுக்கு 1963-ஆம் ஆண்டு பொதுமக்கள் கூடுமிடச் சட்டத்தின் கீழும் உரிமம் வேணும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-ல் சொன்னது. அதனால் பாறசாலையில் கிளை எடுக்கும்போது கட்டடம் பஞ்சாயத்துப் பதிவேட்டில் எந்த வகையில் இருக்கு என்று முதலில் பாருங்க. வீடு என்று இருந்தால் வகை மாற்றாமல் எதுவும் நகராது, வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். விண்ணப்பத்தை மலையாளத்தில் எழுதிக் கொடுத்தால் மேசை சீக்கிரம் தாண்டும், இது சட்டமில்லை, நடப்பு.

இன்னொன்று, பிரம்பு. குமரியில் பூஞ்சைதான் தொல்லை. எங்கள் பாலக்காட்டுப் பக்கம் தலைகீழ். கணவாய்க் காற்று அடிக்கும் மாதங்களில் தடி காய்ந்து நார் பிரியும், நுனி வெடிக்கும். வெடித்த நுனி கண்ணுக்கு நேரே போகும். வாரம் ஒருமுறை துணியால் உருவிப் பாருங்க, துணி நூல் எங்கே மாட்டுதோ அங்கே சிராய் இருக்கு. தேய்த்து, துணி டேப் சுற்றி, நல்லெண்ணெய் தடவணும். நீளவாக்கில் விரிசல் விட்ட தடியைச் சுவடு பழகக்கூடக் கொடுக்க வேண்டாம், ஒடித்துப் போட்டுருங்க. சும்மா மூலையில் வைத்தால் யாராவது எடுத்துச் சுற்றுவான்.

பளுகல்காரன்:
நன்றி. அந்தக் கையெழுத்துத் தாள் பற்றி யாரும் சொல்லல.

வரவுசெலவு:
அது ஒரு பாதுகாப்பு என்று நினைக்காதீங்க. 18 வயசுக்குக் கீழே உள்ளவர் போடும் ஒப்பந்தம் செல்லாது. 1872 ஒப்பந்தச் சட்டம் 11-ஆம் பிரிவு, 1903-ல் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் மோஹோரி பீபி வழக்கில் உறுதி செய்தது. பெற்றோர் போட்டாலும், உங்கள் கவனக்குறைவை அந்தத் தாள் மறைக்காது. அதனால் 'பொறுப்பல்ல' என்பதை விட்டுவிட்டு, தகவல் தாளாக மாற்றுங்க. என்ன பயிற்சி, அதில் என்ன அடி படலாம், பிள்ளைக்கு ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, பழைய எலும்பு முறிவு உண்டா, எந்த மருந்து ஒவ்வாது, அவசரத்துக்கு இரண்டு எண், யார் வந்தால் பிள்ளையை அனுப்பலாம். இதுதான் நீதிமன்றத்திலும் பயன்படும், ஆஸ்பத்திரியிலும் பயன்படும். வருஷத்துக்கு ஒருமுறை புதுசாக வாங்கணும்.

"செலுத்திய கட்டணம் திரும்பத் தரப்படாது" என்று சுவரில் எழுதுவதும் அதே மாதிரி. சேவையில் குறை இருந்து நடுவில் நின்றவருக்கு, ரசீதில் போட்ட காலத்துக்குள்ளோ, அப்படி எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள்ளோ பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் சட்டத்தில் முறையற்ற வணிகம். மூன்று மாதக் கட்டணம் வாங்குங்க, ஆனால் எந்த நாளில் நின்றால் எவ்வளவு திரும்பும் என்று ரசீதின் பின்னால் அச்சடிங்க.

காப்பீட்டில் பெயர் பார்த்து ஏமாற வேண்டாம். 1991-ஆம் ஆண்டுப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் அபாயகரமான ரசாயனம் கையாளும் இடங்களுக்கானது; உங்களுக்கு வேண்டியது பயிற்சியில் மூன்றாம் நபருக்கு ஏற்படும் காயத்தை ஏற்கும் பொறுப்பு பாலிசி. 'பங்கேற்பாளர் காயம்' விலக்குப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் அந்தப் பக்கத்தைப் படியுங்க. இருந்தால் அந்தப் பாலிசியால் பிரயோசனமில்லை. பிள்ளைகளுக்குத் தனியாகக் குழு விபத்துக் காப்பீடு. சாமானுக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற சிறுதொழில் பாலிசி உண்டு. தீ, வெள்ளம், புயல் எல்லாம் அதில் வரும், வெறும் பூட்டு உடைப்புத் திருட்டுக்குத் தனியாகச் சேர்க்கணும். ஓனரின் பாலிசி அவர் சுவருக்குத்தான், உங்கள் மேட்டுக்கு இல்லை. பாலிசியில் எழுதிய முகவரிக்குத்தான் காப்பு. களியக்காவிளை முகவரியில் எடுத்துவிட்டு நாலு பஞ்ச் பேக்கைப் பாறசாலைக்கு மாற்றினால் அந்த நாலும் காப்பில் இல்லை.

மூட்டும் தசையும்:
காயத்துக்கு வருவோம். தலையில் அடி பட்டு ஒரு நிமிஷம் தடுமாறினாலும், மயங்காவிட்டாலும், அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குப் பயிற்சி முடிந்தது. "இப்பம் சரியாயிட்டு மாஸ்டர்" என்று அவன் சொல்வதைக் கேட்கக் கூடாது. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, ஒரு பக்கம் பலவீனம், எழுப்பினால் எழாத தூக்கம், இதில் ஒன்று வந்தாலும் நேராக ஆஸ்பத்திரி. முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு. பிறகு நடை, லேசான ஓட்டம், தனிப் பயிற்சி என்று படிப்படியாக. டாக்டர் எழுதித் தந்த பிறகுதான் எதிராளியோடு மோதல்.

தோள் இறங்கினால் யாரும் இழுத்துப் போடக் கூடாது. பிள்ளைகளுக்கு எலும்பு வளரும் முனையில் முறிவும் சேர்ந்து இருக்கலாம், எக்ஸ்ரே இல்லாமல் தெரியாது. முக்கோணத் துணியில் கையைக் கட்டி, மணிக்கட்டில் நாடி ஓடுகிறதா, விரல் மரத்திருக்கா பார்த்து அனுப்புங்க. முழங்கை விலகலில் இந்த நாடிப் பரிசோதனை இன்னும் முக்கியம்.

மூச்சும் அசைவும் இல்லாமல் விழுந்தால் நெஞ்சு அழுத்தம்: நிமிஷத்துக்கு 100 முதல் 120, பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. மெத்தென்ற மேட்டின் மேல் அழுத்தினால் பாதி அழுத்தம் மேட்டுக்குப் போகும். முடிந்தால் கெட்டித் தரைக்கு இழுத்துப் போட்டு ஆரம்பிங்க.

108 பற்றி எல்லைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. உங்கள் ஃபோன் எந்த மாநில டவரைப் பிடித்திருக்கோ அந்த மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு அழைப்பு போகும் வாய்ப்பு உண்டு. அதனால் பேசத் தொடங்கியதும் மாநிலம், மாவட்டம், அடையாளக் கட்டடம் என்ற வரிசையில் சொல்லணும். இதைப் பெரிய எழுத்தில் எழுதி முதலுதவிப் பெட்டியின் மூடியில் ஒட்டுங்க. குழித்துறை, பாறசாலை இரண்டு அரசு ஆஸ்பத்திரி எண்ணும், பக்கத்து ஆட்டோக்காரர் எண்ணும் கீழே.

தெக்கன் சுவடு:
எல்லாம் கொள்ளாம், ஆனா ஒரு காரியம் சொல்லணும். இது தெக்கன் களரி முறையும் அடிமுறையும் பிறந்த மண்ணு. அடி சொல்லிக் கொடுத்த ஆசானுக்கு, அடிபட்டதை இளக்கிச் சரியாக்குற இளக்குமுறையும் தெரியணும், அதான் இங்கத்த மரபு. தோள் இறங்கினா தொடாதே, தடவாதேன்னா அந்த வித்தையில் பாதியைத் தூக்கிக் கிணத்துல போடச் சொல்லுத மாதிரில்லா இருக்கு.

மூட்டும் தசையும்:
ஆசானே, மரபைக் குறை சொல்லவில்லை. ஆனால் பதிவில்லாத பாரம்பரிய வைத்தியர் சிகிச்சை செய்ய முடியாது என்று கேரள வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கூடத்துக்குள் ஒரு பிள்ளையின் தோளை ஆசான் இழுத்து, நரம்பு போனால், நாளைக்கு வழக்கு 'பயிற்சியில் காயம்' என்று இருக்காது, 'தகுதியில்லாத சிகிச்சை' என்று இருக்கும். பொறுப்பு பாலிசியும் அப்போது கை விரிக்கும். இளக்குமுறையைப் பாடமாகச் சொல்லிக் கொடுங்க, மூத்த மாணவர்களுக்கு. அடிபட்ட பிள்ளை மேல் வேண்டாம்.

தெக்கன் சுவடு:
பிள்ளைகள் காரியத்தில் ஒத்துக்கிடுதேன். பெரிய ஆளுகளுக்கு உழிச்சில் (எண்ணெய் தடவி உருவுறது) நடத்தணும்னா பதிவுள்ள சித்த, ஆயுர்வேத டாக்டரைக் கூட்டி, தனி அறையில், தனிக் கணக்கில் நடத்தணும். எண்ணெய் பட்ட காலோட மேட்டுல ஏறவும் கூடாது. ஒரு சொட்டு போதும் அடுத்தவன் வழுக்க.

பிறவு, விளக்கு. களரி வழக்கப்படி தென்மேற்குக் கன்னிமூலையில் பூத்தறைன்னு ஒரு படிமேடை வைப்பாங்க, திரி எரியும். பழைய குழிக்களரி 42 அடி நீளம் 21 அடி அகலம், மண் தரை. தரையில தீ பிடிக்க ஒண்ணும் இல்ல. இங்க தரை முழுக்க இவிஏ. விளக்கை மணல் போட்ட தட்டுல, மேட்டுக்கு மூணடி தள்ளி வைக்கணும். திரி அணைச்ச பிறவுதான் ஷட்டர் இறங்கணும். வாசல்பக்கம் ஏபிசி தீயணைப்பான் ஒண்ணு மாட்டிடுங்க, முள் பச்சையில் நிக்குதான்னு மாசம் ஒருக்க பாக்கணும்.

வாளும் சுருள்வாளும் இருந்தா பூட்டுக்குள்ள இருக்கட்டும். ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ ரெண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுத விதியில வருது. அந்தந்த இடத்து அறிவிப்பைப் பொறுத்து உரிமம் கேப்பாங்க. ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்து முத்திரை வாங்கி வைக்கணும். போட்டிக்கு எல்லை தாண்டிக் கொண்டுபோகையில முனை மழுங்கினதை மட்டும், பொதிஞ்சு, கூடத்துக் கடிதத்தோட கொண்டுபோணும். செக்போஸ்டுல நின்னு களரி வரலாறு சொல்லிட்டிருந்தா பஸ் போயிரும்.

மாலைவகுப்பு:
பிள்ளைகள் பாதுகாப்பு யாரும் தொடவில்லை. ஒரு பயிற்சியாளர், ஒரு பிள்ளை, மூடின கதவு, இந்த மூன்றும் ஒரே நேரத்தில் சேரக் கூடாது. கதவில் கண்ணாடி வைங்க. பெற்றோர் எந்த நேரமும் உட்கார்ந்து பார்க்க இரண்டு பெஞ்ச் போடுங்க. பிள்ளைகள் கவனம் சிதறும் என்று சில மாஸ்டர்கள் மறுப்பார்கள், அது சாக்கு. நிலை திருத்தும்போது தொடுவதற்கு முன் சொல்லணும். முடிந்தவரை தடி நுனியால் காட்டணும். சிசிடிவி கூடத்திலும் வாசலிலும், உடை மாற்றும் அறைப் பக்கமே கூடாது. பதிவு குறைந்தது 30 நாள் நிற்கட்டும்.

பயிற்சியாளரை எடுக்கும்போது போலீஸ் சரிபார்ப்புச் சான்று கேளுங்க. கேரளத்துக்காரர் அங்குள்ள காவல்துறையின் 'துணா' தளத்தில் எடுக்கலாம், நம் பக்கம் காவல்துறைத் தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். இரண்டு பக்கமும் மாறி மாறி வேலை செய்தவர் என்றால் இரண்டு பக்கமும் வாங்கணும், எல்லையோரத்தில் இது விட்டுப்போகும். ஏதாவது தவறு நடந்ததாகத் தெரிந்தால் 'கூடத்துப் பேர் கெடும், பேசித் தீர்ப்போம்' என்பதற்கு இடமே இல்லை. பிள்ளைகளைப் பாலியல் குற்றத்திலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவில் தகவல் கொடுப்பது கட்டாயம், கொடுக்காவிட்டால் 21-ல் தண்டனை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் பிள்ளைகள் கண்ணுயரத்தில் எழுதுங்க. வாட்ஸப் குழுவில் பிள்ளைகள் படம் போடப் பெற்றோரின் எழுத்து ஒப்புதல் தனியாக.

தோல் நோயும் உங்கள் பொறுப்புதான். படர்தாமரை ஒரு பிள்ளைக்கு வந்தால் இரண்டு வாரத்தில் பேட்ச் முழுக்க வரும். அமெரிக்கப் பள்ளி மல்யுத்த விதியில் உடம்பில் என்றால் 72 மணி நேர மருந்து, தலையில் என்றால் 14 நாள் மருந்து ஆன பிறகே மேட்டில் விடுகிறார்கள். நம்ம ஊரில் அதைவிடக் கூடுதல் வைப்பதே நல்லது, காரணம் மெடிக்கல் கடையில் வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு. நமைச்சல் இரண்டு நாளில் அடங்கும், பூஞ்சை உள்ளே பரவும். தோல் டாக்டர் சீட்டு இல்லாமல் திரும்ப எடுக்காதீங்க.

மேட் கழுவ: முதலில் சோப்புத் தண்ணியில் வியர்வையைத் துடைக்கணும், அழுக்கு இருந்தால் பிளீச் அதிலேயே செத்துவிடும். பிறகு 5 சதவீதத் திரவ பிளீச் 20 மில்லி, தண்ணி ஒரு லிட்டர். பத்து நிமிஷம் ஈரமாக நிற்கட்டும், வெறும் தண்ணியில் துடைத்துக் காய விடுங்க. துடைக்காமல் விட்டால் மேட்டின் மேல்தோல் வெளுத்து வெடிக்கும். கழிப்பறை ஆசிட்டோடு ஒரே வாளியில் கலந்தால் குளோரின் வாயு வரும். வேலைக்கு வரும் அக்காவிடம் இதைக் கையோடு காட்டிச் சொல்லணும், சீட்டு எழுதி ஒட்டினால் போதாது.

பளுகல்காரன்:
பஞ்ச் பேக் கூரையில் தொங்கவிடலாமா? கட்டணம் எவ்வளவு வைக்கலாம்?

ஈரத்தரை:
கான்கிரீட் கூரைதானே, ஆகும். பீமின் பக்கவாட்டில் முழுசாகத் துளைத்து, மறுபக்கம் தகடு வைத்து போல்ட் முடுக்கணும். கூரையின் அடிப்பக்கம் நேர் மேலாக விரியும் ஆங்கர் அடித்து 40 கிலோ பேக்கைத் தொங்கவிட்டால் ஒவ்வொரு குத்துக்கும் அது ஆட்டி ஆட்டி இளகும். ஷீட் கூரை, ஓட்டுக் கூரைக்குத் தரையில் நிற்கும் தனி இரும்புச் சட்டம்தான். எஸ் கொக்கி வேண்டாம், உள்வளைவு தேய்ந்து ஒருநாள் விரியும். டி ஷாக்கிளும் ஸ்ப்ரிங்கும் போடுங்க. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவிழ்த்துத் துணியை மறுபடி அடைக்கணும். கீழே இறங்கி இறுகின துணி கல்லு மாதிரி ஆகி மணிக்கட்டைப் பதம் பார்க்கும்.

வரவுசெலவு:
கட்டணத்துக்கு ஒரு மாதிரிக் கணக்கு. வாடகை 14,000, மின்சாரம் 3,000, துப்புரவு 3,000, உதவிப் பயிற்சியாளர் 9,000, மேட்டும் பேக்கும் மாற்ற ஒதுக்கம் 2,000, காப்பீடு ஆடிட்டர் லைசன்ஸ் மாதத்துக்குப் பிரித்தால் 2,000. மொத்தம் 33,000. கட்டணம் 800 என்றால் 42-வது ஆளோடுதான் செலவு கட்டும், உங்கள் சம்பளம் அதற்கு மேல். மார்ச்சில் இரண்டு மாநிலத்திலும் பொதுத்தேர்வு, ஆள் குறையும். ஏப்ரல் மே கூடும். ஜூனில் பள்ளி திறந்ததும் பாதி கழன்றுபோகும். ஓணத்துக்குப் பாறசாலைப் பிள்ளைகள் பத்து நாள் வராது, அதே சமயத்தில் நம் பிள்ளைகளுக்குக் காலாண்டுத் தேர்வு நெருங்கும். அதனால் மாத வரவை நம்பி இறங்காமல் நாலு மாதச் செலவை, 1,32,000-ஐ, தனிக் கணக்கில் போட்டுவிட்டு ஷட்டரைத் திறங்க.

உதவிப் பயிற்சியாளர் விலகி எதிர்த்தாப்பில் கூடம் திறந்தால் தடுக்க முடியாது. வேலை விட்ட பிறகு போட்டித் தொழில் செய்யாதே என்று எழுதி வாங்கினாலும் ஒப்பந்தச் சட்டம் 27-ல் செல்லாது. ஒவ்வொரு பேட்சுக்கும் இரண்டு முகம் பழக்கி வைங்க, பெற்றோர் எண்கள் கூடத்து ஃபோனில் மட்டும் இருக்கட்டும். கூடத்தின் பெயரைப் பயிற்சிச் சேவைகளுக்கான 41-ஆம் வகுப்பில் வணிகச் சின்னமாகப் பதிவு செய்யுங்க. தனிநபருக்கு இணையத்தில் 4,500 ரூபாய், பத்து வருஷம். வெறும் 'களரி', 'சிலம்பம்' என்ற சொல்லைப் பதிய முடியாது, கூடத்துக்கென்று தனிப் பெயர் வேணும்.

பளுகல்காரன்:
பின்னால் பத்து சென்ட் பறம்பு சும்மா கிடக்கு, ஓனருடையதுதான். சிலம்பத்துக்கு அதைக் கேக்கலாம்னு இருக்கேன். அப்படியே விட்டாப் போதுமா?

தெக்கன் சுவடு:
கேளுங்க, வாடகைத் தாளில் சர்வே எண்ணோட சேத்து எழுதி வாங்கணும். முதல்ல ஒரு சாண் ஆழம் கொத்தி, வேரும் கல்லும் குப்பிச்சில்லும் பொறுக்கணும். பிறவு செம்மண் சலிச்சுப் போட்டு, வெள்ளம் தெளிச்சு, இடிச்சு இறுக்கணும். நடுவுல கொஞ்சம் உயரமா, ரெண்டு பக்கமும் சரிஞ்சு இருந்தாத்தான் மழை வெள்ளம் நிக்காது. ஓரத்துல தென்னை நின்னா காய் வெட்டின பிறவுதான் வகுப்பு. மட்டை தொங்குதான்னும் பாக்கணும். சாயங்காலம் தொடங்குறதுக்கு முன்ன ஒருத்தன் வெறுங்காலோட குறுக்கும் நெடுக்குமா நடந்து பாத்துட்டு வரட்டும்.